சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த கடலடிச் சேறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் நிலவியல் படித்தவன். ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கோபர்ன் நிலவியல் அருங்காட்சியகம் என்று ஒன்று இருக்கிறது. சேலஞ்சர் என்ற கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிச் சேகரித்த பொருள்களில் ஒரு பங்கு அங்கே இருக்கிறது. இதைப் பற்றி நண்பர்களிடமோ பள்ளிப் பிள்ளைகளிடமோ பேசினால் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை எழுதி, தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

சேலஞ்சர்னா விண்வெளி ஓடம்தானே? கப்பலா?

முதலில் கப்பல். 1986-இல் வெடித்துச் சிதறிய விண்வெளி ஓடத்துக்கு இந்தக் கப்பலின் பெயரைத்தான் நாசா வைத்தது. 1858-இல் கட்டி முடித்துக் கடலில் இறக்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் இது. பாய்மரமும் உண்டு, நீராவி எஞ்சினும் உண்டு. ஆய்வுப் பயணத்துக்காக 17 பீரங்கிகளில் இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஆய்வுக்கூடங்களும் மாதிரிகளை வைக்கும் அறைகளும் வந்தன.

1872 டிசம்பரில் போர்ட்ஸ்மத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பி 1876 மே 24-ஆம் தேதி இங்கிலாந்து திரும்பியது. கடந்த தூரம் 68,890 கடல் மைல். கிளம்பும்போது சுமார் 240 பேர் இருந்தார்கள். வரும்போது மிச்சம் 144 பேர். சிலர் இறந்தார்கள், பலர் துறைமுகங்களில் இறங்கி ஓடிவிட்டார்கள். ஆறு பேர் கொண்ட அறிவியல் குழுவில் வில்லெமோஸ் சூம் என்ற இளம் ஜெர்மானியர் 1875-இல் தாகித்தி போகும் வழியில் நோயில் இறந்து, கடலிலேயே அடக்கமானார்.

அதுக்கு முன்னாடி கடலுக்கு அடியில என்ன இருக்குன்னு யாருக்குமே தெரியாதா?

கரையோரம் தெரியும். நம் மீனவர்கள் இன்றும் ஆழத்தைப் 'பாகம்' கணக்கில்தான் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். சேலஞ்சர்காரர்கள் பயன்படுத்திய ஃபாத்தமும் அதே கைவிரிப்பு அளவுதான், ஆறு அடி. இந்தப் பக்கத்தில் ஃபாத்தத்தைப் பாகம் என்றே எழுதுகிறேன்.

ஆனால் ஆயிரம், இரண்டாயிரம் பாகத்துக்குக் கீழே என்ன என்பது இருட்டுத்தான். 300 பாகத்துக்குக் கீழே உயிர் இருக்க முடியாது என்று எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற பெரிய அறிஞர் கருதினார். அப்புறம் தந்திக் கம்பிகளைக் கடலடியில் போட ஆரம்பித்தார்கள். பழுது பார்க்க மேலே இழுத்த கம்பியில் ஆழ்கடல் உயிர்கள் ஒட்டியிருந்தன. பின்னாளில் எடின்பரோ பேராசிரியரான சார்லஸ் வைவில் தாம்சன் 1868, 1869 ஆண்டுகளில் இரண்டு சிறு கப்பல்களில் போய் ஆழத்தில் வலை இழுத்துப் பார்த்தார், உயிர்கள் கிடைத்தன. அந்த வெற்றியைக் காட்டித்தான் சேலஞ்சர் பயணத்துக்கு அரசின் சம்மதத்தை வாங்கினார்கள்.

எல்லாம் லண்டன்லதானே இருக்கணும்? எடின்பரோவுக்கு எப்படி வந்துச்சு?

பயணத்தின் அறிவியல் தலைவரான தாம்சன் எடின்பரோக்காரர். அதனால் கப்பல் திரும்பியதும் பெட்டிகள் அவர் ஊருக்குப் போயின. குயின் தெருவில் 32-ஆம் எண் வீட்டில் 'சேலஞ்சர் அலுவலகம்' என்று ஒன்று இயங்கியது. அங்கே பிரித்து, எண் போட்டு, உலகின் பல நாட்டு நிபுணர்களுக்கு மாதிரிகளை அனுப்பினார்கள். வெளிநாட்டவருக்கு ஏன் தர வேண்டும் என்று பிரிட்டனில் சிலர் சண்டைக்கே வந்தார்கள். எந்த உயிரை யார் நன்றாக அறிவாரோ அவருக்கே அது போக வேண்டும் என்பதில் தாம்சன் உறுதியாக நின்றார். அவர் செய்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன்.

1882-இல் தாம்சன் இறந்தார். அவருடன் பயணம் செய்த ஜான் முர்ரே பொறுப்பேற்று, 1895 வரை உழைத்து 50 தொகுதி அறிக்கையை முடித்தார். பக்கங்கள் மட்டும் ஏறத்தாழ 29,500. வேலை முடிந்தபின் மாதிரிகளில் பெரும்பகுதி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. எடின்பரோவில் இருப்பது ஒரு சிறு பங்குதான். ஆனால் சேற்றையும் கல்லையும் உட்கார்ந்து படித்து முடித்த ஊர் அது.

சேகரிப்புன்னா அப்படி என்னதான் இருக்கும்? மீனா, சங்கா?

விலங்குகள் விலங்கியல்காரர்களிடம் போய்விடும். நிலவியலுக்கு வருவது கடல் தரையிலிருந்து வந்த பொருள்: குப்பியில் அடைத்த சேறு, உருளைக்கிழங்கு போன்ற கறுப்பு உருண்டைகள், எரிமலைக் கல், பனிப்பாறை சுமந்துவந்து போட்ட கல். அவற்றோடு பயணத்தைச் சேர்ந்த தாள்களும் கடிதங்களும். தாள்கள் பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணப் பிரிவிலும் இருக்கின்றன.

பார்க்க அழகாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். சாம்பல் நிறத்திலும் செங்கல் நிறத்திலும் கொஞ்சம் பொடி, அவ்வளவுதான். அந்தப் பொடி என்ன சொல்கிறது என்பதைக் கீழே வரும் பதில்களில் பாருங்கள்.

மோட்டார், கேமரா எதுவும் இல்லாத காலத்துல அவ்வளவு ஆழத்துலேர்ந்து சேறு எப்படி எடுத்தாங்க?

சணல் கயிறும் இரும்பும்தான். 25 பாகத்துக்கு ஓர் அடையாளம் கட்டிய கயிற்றின் நுனியில் உள்ளீடற்ற இரும்புக் குழாய். அதைச் சுற்றிக் கனமான இரும்பு எடைகள். தரையில் முட்டியதும் எடைகள் கழன்று அங்கேயே கிடக்கும். குழாய்க்குள் புகுந்த சேறு மட்டும் மேலே வரும். எடையையும் சேர்த்து இழுத்தால் கயிறு அறுந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

தரை தட்டியதை எப்படி அறிவார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஒவ்வொரு நூறு பாகம் கயிறு ஓடவும் எத்தனை நிமிடம், எத்தனை நொடி ஆகிறது என்று ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டே இருப்பார். ஆழம் கூடக் கூட வேகம் சீராகக் குறையும். திடீரென்று ஒரே அடியாகக் குறைந்தால் எடை தரையைத் தொட்டுவிட்டது என்று பொருள். 1875 மார்ச் 23-ஆம் தேதி மேற்குப் பசிபிக்கில், 225-ஆவது நிலையத்தில் (ஆய்வுக்காகக் கப்பல் நின்ற இடத்துக்கு நிலையம் என்று பெயர்), இப்படித்தான் 4,475 பாகம், அதாவது 8,184 மீட்டர் ஆழத்தை அளந்தார்கள். அந்தப் பயணத்தின் மிகப் பெரிய ஆழம் அது. அங்கிருந்தும் குழாயில் சேறு வந்தது.

பெரிய பொருள்களுக்கு டிரெட்ஜ் என்ற இரும்புச் சட்டம் போட்ட வலைப்பையை இறக்கித் தரையோடு இழுப்பார்கள். ஆழ்கடலில் ஒரு தடவை இறக்கி ஏற்ற ஒரு பகல் முழுக்கப் போய்விடும். முதலில் வேடிக்கை பார்க்கக் கூடிய மாலுமிகள் பிறகு அலுத்துப்போனார்கள். மூன்றரை ஆண்டு தொடர்ந்து செய்த வேலை அது.

சேறு சேறுதானே சார்? எல்லாக் கடல்லயும் ஒண்ணாத்தானே இருக்கும்?

இதுதான் நான் அதிகம் கேட்ட கேள்வி, எனக்குப் பதில் சொல்ல ஆசையான கேள்வியும் இதுதான். 1873-இன் தொடக்கத்தில் கப்பல் கேனரித் தீவுகளிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளை நோக்கி அட்லாண்டிக்கைக் கடந்தது. வழியில் நிறுத்தி நிறுத்திச் சேறு எடுத்தார்கள். 2,000 பாகம் அளவில் வெள்ளையான சேறு. உருப்பெருக்கியில் பார்த்தால் முழுக்கக் குளோபிஜெரினா என்ற நுண்ணுயிரின் சுண்ணாம்பு ஓடுகள். ஆழம் கூடக் கூட ஓடுகள் அரிக்கப்பட்டு, சேறு சாம்பல் நிறமாகி, கடைசியில் சுண்ணாம்பே இல்லாத செங்களிமண்ணாக மாறியது. ஆழத்தின் குளிர்ந்த, அழுத்தம் மிகுந்த நீர் சுண்ணாம்பைக் கரைத்துவிடுகிறது என்பதை மனிதர்கள் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

குளோபிஜெரினா தரையில்தான் வாழ்கிறது என்று தாம்சன் முதலில் நம்பினார். முர்ரே நுண்வலையை மேல்நீரில் இழுத்து, உயிரோடு இருக்கும் குளோபிஜெரினாவைப் பிடித்துக் காட்டினார். மேலே வாழ்ந்து செத்து, ஓடு மட்டும் கீழே மழைபோல் இறங்குகிறது. தாம்சன் தன் கருத்தை மாற்றிக்கொண்டார்.

இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் வகைகள் பிரிந்தன. குளோபிஜெரினா சேறு, ரேடியோலேரியா சேறு, டயாட்டம் சேறு, செங்களிமண். முதல் மூன்றும் நுண்ணுயிர்களின் பெயர்கள். முன்பு சொன்ன 225-ஆவது நிலையத்தில் வந்தது ரேடியோலேரியா சேறு. அந்த உயிரின் கூடு சுண்ணாம்பில்லை, சிலிகா. அதனால்தான் அத்தனை ஆழத்திலும் கரையாமல் கிடந்தது. 1891-இல் முர்ரேயும் பெல்ஜியத்தின் அல்ஃபோன்ஸ் ரெனாரும் ஆழ்கடல் படிவுகளைப் பற்றிய தொகுதியை வெளியிட்டு, கூடவே உலகக் கடல் தரையின் வரைபடத்தையும் தந்தார்கள். அந்தப் பெயர்களைத்தான் நாங்கள் இன்றும் வகுப்பில் படிக்கிறோம்.

அந்தக் கறுப்பு உருண்டை விண்கல்லா?

இல்லை. மாங்கனீசு உருண்டை. 1873 பிப்ரவரியில், கேனரித் தீவுகளைத் தாண்டியதும் முதல்முறையாக டிரெட்ஜில் வந்தது. கப்பலின் வேதியியலாளர் புக்கானன் சோதித்து, பெரும்பாலும் மாங்கனீசு ஆக்சைடு என்று சொன்னார். வெட்டிப் பார்த்தால் வெங்காயம்போல் அடுக்கடுக்காக இருக்கும். நடுவில் ஒரு சுறாப் பல்லோ எரிமலைக் கல் துண்டோ இருக்கும். அதன்மேல் கடல்நீரிலிருந்து உலோகம் படிந்து படிந்து வளர்கிறது. பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்ச்சி.

அந்த நிதானம் கடல் தரைக்கே உரியது. தெற்குப் பசிபிக்கில் ஒரே இழுவையில் 1,500-க்கும் மேற்பட்ட சுறாப் பற்களும் திமிங்கிலக் காதெலும்புகளும் வந்தன. சேறு அவ்வளவு மெதுவாகப் படிவதால், எப்போதோ அழிந்த சுறாவின் பல்கூட மூடப்படாமல் மேலேயே கிடக்கிறது.

அப்போ விண்கல்லே கிடைக்கலையா?

கிடைத்தது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவில். முர்ரே செங்களிமண்ணில் காந்தத்தை விட்டு அலசினார். ஒட்டிய துகள்களில் மிகச் சிறிய கறுப்பு மணிகள் இருந்தன. இரும்பும் நிக்கலும் கொண்டவை, விண்ணிலிருந்து விழுந்தவை என்று அவரும் ரெனாரும் எழுதினார்கள். அது சரி என்று பின்னால் உறுதியானது. ஏன் செங்களிமண்ணில் மட்டும் இவ்வளவு? சுறாப் பல்லுக்குச் சொன்ன காரணம்தான். மற்ற எதுவும் வேகமாக விழாத இடத்தில் வானத்துத் தூசி தனியாகத் தெரிகிறது.

கல்லை வெச்சிருக்கிறது சரி. பழைய தாளையெல்லாம் ஏன் அதோட சேர்த்து வெச்சிருக்காங்க?

தாள் இல்லாவிட்டால் கல் ஊமை. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு நிலைய எண் கொடுத்தார்கள், மொத்தம் 362. குப்பியின் சீட்டில் அந்த எண், தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம். அதே எண் கப்பலின் பதிவேட்டில் இருக்கும், வெப்பநிலை அட்டவணையில் இருக்கும், நிபுணரின் குறிப்பேட்டில் இருக்கும், அச்சான அறிக்கையிலும் இருக்கும். ஒரு சிட்டிகைச் சேற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, அன்று அந்த இடத்தில் மேல்நீர் எவ்வளவு சூடாக இருந்தது, அடியில் எவ்வளவு குளிர், அதே வலையில் வேறென்ன வந்தது என்றெல்லாம் தேடிப் போகலாம்.

மாணவனாக இருந்தபோது ஒரு கல்லூரி அலமாரியில் முப்பது நாற்பது மண் குப்பிகளைப் பார்த்தேன். யாரோ பாடுபட்டுச் சேகரித்தவை. கரையான் சீட்டுகளைத் தின்றிருந்தது, பதிவேட்டை எப்போதோ பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்கள். அந்தக் குப்பிகளை வைத்து எதுவுமே செய்ய முடியவில்லை, கடைசியில் கொட்டிவிட்டார்கள். அன்று ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை. நிலைய எண் எழுதிய ஒரு துண்டுத் தாளை ஒருவர் பத்திரப்படுத்தியிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கும்பிடத் தோன்றும்.

150 வருஷம் ஆன சேறு கெட்டுப்போயிருக்காதா? அதை நம்பலாமா?

எல்லாவற்றுக்கும் நம்ப முடியாது. நல்ல கேள்வி, இதற்குச் சேலஞ்சரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1868-இல் தாமஸ் ஹக்ஸ்லி என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர், சாராயத்தில் வைத்திருந்த கடற்சேற்றில் கூழ்போன்ற ஒன்றைப் பார்த்து, உயிரின் ஆதி வடிவம் என்று கருதி 'பாத்திபியஸ்' என்று பெயரிட்டார். சேலஞ்சரில் புதிதாக எடுத்த சேற்றில் அது இல்லவே இல்லை. சாராயம் ஊற்றிய பிறகுதான் தோன்றியது. கடல்நீரோடு சாராயம் சேரும்போது பிரியும் கால்சியம் சல்பேட் அது என்று புக்கானன் கண்டுபிடித்தார். ஹக்ஸ்லி தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பாதுகாக்கப் போடும் பொருளே மாதிரியை மாற்றிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஆகவே சேற்றின் ஈரத்தில் இருந்த வேதிப்பொருள்களைப் பற்றிப் பழைய குப்பியிடம் கேட்கக் கூடாது. ஓடுகளின் வடிவம், தாதுக்கள், உருண்டைகளின் அடுக்குகள் ஆகியவற்றை நம்பிக் கேட்கலாம். டிரெட்ஜ் நீண்ட தூரம் இழுபட்டு வருவதால் அதில் வந்தது எந்தப் புள்ளியைச் சேர்ந்தது என்று சொல்ல முடியாது. குழாயில் வந்தது அப்படியில்லை.

சரி, இப்போ செயற்கைக்கோள் காலத்துல இதால என்ன பிரயோஜனம்?

1870-களின் கடலைச் செயற்கைக்கோளால் பார்க்க முடியாதே. சேலஞ்சரின் வெப்பநிலை அளவுகளையும் ஆர்கோ மிதவைகளின் (கடலில் மிதந்தபடி தானாக வெப்பநிலை அளக்கும் கருவிகள்) இக்கால அளவுகளையும் 2012-இல் ஓர் ஆய்வு ஒப்பிட்டது. கடலின் மேற்பரப்பு சராசரியாக 0.59 டிகிரி செல்சியஸ் சூடாகியிருந்தது. 366 மீட்டரில் 0.39, 914 மீட்டரில் 0.12. ஆழத்தின் அழுத்தம் அந்தக் கால வெப்பமானியைக் கொஞ்சம் ஏமாற்றும். எவ்வளவு ஏமாற்றும் என்பதைப் பீட்டர் டெய்ட் என்ற எடின்பரோ இயற்பியலாளர் அப்போதே சோதித்துக் கணக்கிட்டு வைத்திருந்தார். அவர் தாள்கள் தொலைந்திருந்தால் அந்த எண்களுக்கு மதிப்பு குறைந்திருக்கும்.

2020-இல் இன்னொரு ஆய்வு. சேலஞ்சர் வலையில் பிடித்த ஃபொராமினிஃபெரா (குளோபிஜெரினா சேர்ந்த நுண்ணுயிர்க் குழு) ஓடுகளை, அண்மைக் காலத்தில் பசிபிக்கில் பிடித்தவற்றோடு ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டார்கள். இக்கால ஓடுகள் எல்லாமே மெலிந்திருந்தன, ஓர் இனத்தில் 76 சதவீதம் வரை. கடல்நீர் அமிலத்தன்மை நோக்கிப் போவது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அந்த ஓடுகளைச் சேகரித்தவர்களுக்கு இப்படி ஒரு கேள்வி எழும் என்றே தெரியாது. தெரியாமலே ஒழுங்காக எழுதி வைத்தார்கள்.

சேலஞ்சர் நம்ம ஊர்ப் பக்கம் வந்துச்சா?

இல்லை. கேப் டவுனிலிருந்து தென்கிழக்கே கெர்கெலன் தீவு, பனி விளிம்பு, பிறகு மெல்பர்ன். வங்கக் கடலும் அரபிக் கடலும் விடுபட்டுப் போயின. அந்தத் தெற்குப் பாதையில்தான் 1874 பிப்ரவரியில் அண்டார்டிக் வட்டத்தைக் கடந்த முதல் நீராவிக் கப்பலானது. அண்டார்டிகாவை அவர்கள் பார்க்கவில்லை. ஆனால் பனிப்பாறைகள் உருகிக் கடலடியில் போட்டிருந்த கிரானைட், நைஸ், மணற்கல் துண்டுகளை வாரி எடுத்தார்கள். இவை கண்டத்துப் பாறைகள், எனவே தெற்கே ஒரு கண்டம் இருக்கிறது என்று முர்ரே வாதாடினார். எனக்கு இந்தச் சேகரிப்பு வகையிலேயே மிகவும் பிடித்தவை அந்தக் கற்கள்தான்.

நம் கடலுக்கு முர்ரேயின் பணம் பிறகு வந்தது. அவர் விட்டுச்சென்ற நிதியில் 1933-34-இல் மபாஹிஸ் என்ற எகிப்தியக் கப்பல் அரபிக் கடலையும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளையும் ஆராய்ந்தது. மாங்கனீசு உருண்டையும் நம்மைத் தொடுகிறது. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரில் அதை ஆராய இந்தியாவுக்கு உரிமை உண்டு. அதற்கான இயந்திரங்களை உருவாக்குவது சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். மேலே சொன்ன வளர்ச்சி வேகத்தை நினைத்தால், அள்ளிய இடத்தில் மறுபடி வளரும் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

முர்ரேக்கு ஏது அவ்வளவு பணம்?

இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவு. சேலஞ்சரில் உடன் இருந்த மெக்லியர் என்ற அதிகாரி 1887-இல் வேறொரு கப்பலில் அந்தத் தீவுக்குப் போனார். அங்கிருந்து வந்த கல்லை முர்ரே சோதித்தார், உரம் செய்ய உதவும் உயர்தரப் பாஸ்பேட். அவர் வற்புறுத்த, பிரிட்டன் 1888-இல் தீவைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. முர்ரேயின் நிறுவனம் வெட்டி எடுத்தது. அதிலிருந்து அரசுக்குப் போன வரியும் உரிமைத் தொகையும் சேலஞ்சர் பயணத்துக்கான மொத்தச் செலவைத் தாண்டிவிட்டதாக அவரே சொன்னார். வெட்டியவர்கள் சீனாவிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் போன கூலித் தொழிலாளர்கள். அவர்களின் துன்பம் அந்தக் கணக்கில் வராது.

மத்தவங்க ஊர்லேர்ந்து அள்ளிட்டுப் போனதுதானே இது? திருப்பித் தர வேண்டாமா?

நடுக்கடல் சேறு யாருடைய வீட்டிலிருந்தும் எடுத்ததில்லை, அதில் சிக்கல் குறைவு. ஆனால் சேலஞ்சர் சேற்றோடு நிற்கவில்லை. போன தீவுகளில் மனித மண்டையோடுகளையும் எலும்புகளையும் சேகரித்தார்கள். எடின்பரோ உடற்கூற்றியல் பேராசிரியர் வில்லியம் டர்னர் அவற்றை அளந்து அறிக்கையில் எழுதினார். அவை யாரோ ஒருவருடைய தாத்தா பாட்டி. அதைத் திருப்பித் தர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதே பல்கலைக்கழகம் 2019-இல் ஒன்பது மண்டையோடுகளை இலங்கை வேடர் சமூகத்தின் தலைவரிடம் நேரில் ஒப்படைத்தது. அவை சேலஞ்சர் கொண்டுவந்தவை அல்ல. இருந்தாலும் செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. எது யாருடையது என்று கண்டுபிடிக்க உதவுவதும் பழைய சீட்டும் பதிவேடும்தான். தாளைப் பற்றி முன்பு சொன்னது இங்கேயும் பொருந்தும்.

நாங்க போய்ப் பார்க்க முடியுமா?

எந்தப் பல்கலைக்கழகச் சேகரிப்பாக இருந்தாலும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். எந்த நிலையத்தின் மாதிரி, எதற்காக என்று தெளிவாக எழுதினால் பொறுப்பாளர்கள் சந்தோஷமாக உதவுவார்கள். "ஏதாவது காட்டுங்க" என்று போனால் அவர்களுக்கும் கஷ்டம்.

போக முடியாதவர்களுக்கு அந்த 50 தொகுதிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முர்ரே, ரெனார் தொகுதியில் வண்ணப் படங்கள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு முதலில் அவற்றைக் காட்டுங்கள். பிறகு அட்டவணையில் 225-ஐத் தேடி, 4,475 என்ற எண்ணை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.